கிணற்றடி நோக்கியாவுக்கு எந்தக் கரண்ட்?

மாமாவின் பழைய நோக்கியா போன், பேட்டரிக்குப் பதில் நான் மாட்டிய ஒயரில், மதுரையில் என் வீட்டு மேசையில் மூன்று நாள் அணையாமல் ஓடியது. சோழவந்தானுக்குக் கொண்டுபோய் மாமாவின் மோட்டார் ரூமில் மாட்டிவிட்டு இரண்டு பேரும் வரப்பில் நின்றோம். மாமா தன் போனிலிருந்து கூப்பிட்டார். ஒரே ஒரு ரிங். அதோடு சத்தம் நின்றுவிட்டது. மறுபடி அடித்தால் சுவிட்ச் ஆஃப் என்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் நோக்கியா இருட்டாகக் கிடக்கிறது.

"என்ன மாப்ள, டவுன்ல மட்டுந்தான் ஓடுமா?" என்றார் மாமா.

கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் கோளாறே அதில்தான் இருந்தது என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

அந்தப் போன் நோக்கியா 1100. 2003இல் வந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற மாடல். தலையில் டார்ச் லைட் இருக்குமே, அதுதான். அதில் மாமா பேசுவதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது. இப்போது அதற்கு வேறு உத்தியோகம். ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர் போனின் ஹெட்செட் துளைக்குப் போகிறது. ஹெட்செட் மாட்டியிருந்தால் அழைப்பைத் தானாக எடுக்கும்படி இந்தப் போனை வைக்கலாம். மாமா வீட்டுத் திண்ணையிலிருந்து கூப்பிட்டு 1ஐ அழுத்தினால், அந்த ஓசையைப் பெட்டிக்குள் இருக்கும் 8870 சிப் அடையாளம் கண்டு மோட்டாரை ஓடவிடும். 2ஐ அழுத்தினால் நிறுத்தும். வெற்றிலைக் கொடிக்காலைக் காயவிட முடியாது; மோட்டார் ஓட வேண்டிய மூணு பேஸ் கரண்ட்டோ நடுராத்திரியில் வரும். பாம்பு படுத்திருக்கும் வரப்பில் டார்ச்சோடு நடப்பதை இந்தப் பழைய போன் மிச்சப்படுத்துகிறது.

இந்த வேலைக்கென்றே சிம் போடும் பெட்டி தனியாக விற்கிறது, வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் உண்டு என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். புதிதாக வைக்கிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். மாமாவோ "ஓடுறதை ஏன்டா மாத்தணும்" என்கிற கட்சி. சரி, இருப்பதை ஓட்டுவோம் என்று இறங்கினேன்.

சிக்கல் பேட்டரியில் தொடங்கியது. வருடக்கணக்காகச் சார்ஜரிலேயே கிடந்த பிஎல்-5சி பேட்டரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: எப்போதும் நிறைந்தே இருப்பது, வெக்கை. சித்திரை மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஓயாத சார்ஜர். மூன்றும் சேர்ந்தால் எந்த நல்ல பேட்டரியும் உப்பத்தான் செய்யும். அதை எடுத்துவிட்டு வேறு எதைக் கொண்டு போனை ஓட்டலாம் என்று ஆறு வழிகளை யோசித்தேன், நான்கைச் செய்தும் பார்த்தேன்.

முதலில், போன் என்ன கேட்கிறது

பழைய போன் பேட்டரியில் 3.7 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். முழுதாக ஏறினால் 4.2. ஏறக்குறைய 3.4க்குக் கீழே இறங்கினால் போன் தானாகப் படுத்துவிடும். ஆக, 3.6க்கும் 4.2க்கும் இடையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்போம், நானும் நினைத்தேன். மல்டிமீட்டரில் 4.0 என்று காட்டியதும் வேலை முடிந்தது என்று மதுரையிலிருந்து பஸ் ஏறினேன்.

வோல்ட் சரி. ஆம்பியரில், அதாவது போன் இழுக்கும் கரண்ட்டின் அளவில், கோட்டை விட்டேன்.

2ஜி போன் தொடர்ச்சியாகப் பேசுவதில்லை. 4.6 மில்லி நொடி நீளமுள்ள ஒரு சுற்றை எட்டுப் பங்காக்கி, தனக்கென்று கொடுத்த ஒரு பங்கில் மட்டும் கத்திவிட்டு, மற்ற ஏழு பங்கில் வாயை மூடிக்கொள்ளும். நொடிக்கு 217 முறை இப்படி. அழைப்பு வரும்போது பக்கத்திலிருக்கும் ரேடியோவில் "டிர்ர் டிடிட் டிடிட்" என்று கேட்குமே, அது இந்தக் கத்தல்தான். அந்த அரை மில்லி நொடிக்குப் போன் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சராசரி எடுத்தால் கால் ஆம்பியர்தான் வரும். அதனால்தான் அரை ஆம்பியர் சார்ஜர் தாராளம் என்று கணக்குத் தப்பாக வருகிறது.

டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசும், தூரத்தில் இருந்தால் உரக்கக் கத்தும். எவ்வளவு உரக்க என்பதை டவரே சொல்லிக்கொண்டிருக்கும். என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு டவர் தெரியும். மாமாவின் கிணற்று மேட்டில் சிக்னல் இரண்டு கோடுதான். மதுரையில் கிசுகிசுத்த போன் சோழவந்தானில் தொண்டை கிழியக் கத்தியது. என் ஒயரால் அதற்குத் தீனி போட முடியவில்லை. ஒயர் என்று சொன்னது சும்மா இல்லை. பழைய சார்ஜர் ஒயரின் மெல்லிய ஒரு மீட்டரைத்தான் வைத்திருந்தேன். அதற்கு 0.3 ஓம் தடை இருந்தாலே 2 ஆம்பியரில் 0.6 வோல்ட் ஒயரிலேயே கரைந்துபோகும். 4.0 கொடுத்தால் போனுக்குப் போய்ச் சேருவது 3.4. படுக்காமல் என்ன செய்யும்?

நீங்கள் கீழே உள்ளவற்றில் எதைத் தேர்ந்தாலும் ஒயர் தடியாகவும் ஒரு சாணுக்கு மேல் போகாமலும் இருக்கட்டும். போனுக்கு ஒட்டினாற்போல் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் வேண்டும். தண்ணீர் லாரி வரும் தெருவில் வாசலில் குடம் வைத்திருப்பது மாதிரிதான் அது. அவசரத்துக்கு உடனே எடுத்துக் கொடுக்கும்.

நடு முள்ளின் கதை

பிஎல்-5சியின் முகத்தில் மூன்று உலோகப் பட்டைகள் இருக்கும், முள் என்பார்கள். ஓரங்கள் இரண்டும் பிளஸ், மைனஸ். நடுவில் இருப்பது "நான் எந்த வகைப் பேட்டரி" என்று போனுக்குச் சொல்லும் இடம். உள்ளே இதற்கென்றே ஒரு ரெசிஸ்டர், அதாவது கரண்ட்டுக்குத் தடை போடும் குட்டித் துண்டு, இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டு ஒயரை மட்டும் கொடுத்தால் பல போன்கள் எழவே எழாது, எழுந்தாலும் முரண்டு பிடிக்கும். பழைய ஸ்மார்ட்போன்களில் கூடுதலாக வெப்பம் அளக்கும் முள்ளும் இருக்கும்.

இதற்கு நல்ல வழி, செத்த பேட்டரியின் தலையில் இருக்கும் குட்டி சர்க்யூட் போர்டைக் கழற்றி, செல் இருந்த இடத்தில் நம் ஒயரைச் சால்டர் செய்வது. ரெசிஸ்டரும் கிடைத்துவிடும், போனின் பட்டைகளில் சரியாகப் பொருந்தும் முகமும் கிடைத்துவிடும். ஆனால் உப்பிய பேட்டரியில் கத்தி வைக்காதீர்கள். நான் மீனாட்சி பஜாரில் தெரிந்த செல்போன் கடைக்காரரிடம் கேட்டு, உப்பாமல் செத்துப்போன வேறொரு பிஎல்-5சியை வாங்கி வந்தேன். அதிலும் செல்லையும் போர்டையும் இணைக்கும் இரண்டு பட்டைகளை ஒரே வெட்டில் வெட்டக் கூடாது. கத்தரிக்கோலே ஷார்ட் ஆகிவிடும். முதலில் ஒன்று, அதன்மேல் டேப், அப்புறம் அடுத்தது.

புதுப் பேட்டரியே வாங்கினால்?

கையில் வைத்துப் பேசுகிற போன் என்றால் இதோடு கட்டுரையை மூடிவிட்டுப் பஜாருக்குக் கிளம்புங்கள். மற்ற எந்த வித்தையும் தேவையில்லை. அம்மாச்சியின் போனுக்கு நான் அதைத்தான் செய்தேன். அதே பிஎல்-5சிதான், 150 ரூபாய், ஐந்து நிமிட வேலை. அம்மாச்சி கையில் ஒயர் தொங்கும் போனைக் கொடுத்தால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

வாங்கும்போது கவனம் வேண்டும். இந்தப் பேட்டரி 1020 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற கணக்கு) அளவில் வந்தது. அதே உருவத்தில் 2000, 3000 என்று போட்டிருந்தால் பொய். கையில் எடைபோட்டுப் பாருங்கள், போலி இலேசாக இருக்கும். ஒரிஜினலிலும் தப்பு நடந்ததுண்டு: 2007இல், வேறொரு கம்பெனி செய்துகொடுத்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்து மாற்றிக் கொடுத்தது. அலமாரியில் அந்தக் காலத்துப் பேட்டரி கிடந்தால் ஆசைப்பட்டு எடுக்காதீர்கள்.

ஆனால் மோட்டார் ரூமுக்குப் புதுப் பேட்டரி தீர்வல்ல. எது பழையதைக் கொன்றதோ அதுவே புதியதையும் கொல்லும். டைமர் பிளக் வைத்துத் தினமும் ஒரு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏற்றலாம். கரண்ட் சொன்ன நேரத்துக்கு வரும் ஊர்களில் அது சரிப்படும்.

சார்ஜர் பிளஸ் டயோடு

இது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. செலவு பத்து ரூபாய். 5 வோல்ட் சார்ஜர் ஒயரை வெட்டி, நடுவே ஒரு டயோடை (கரண்ட்டை ஒரே திசையில் விடும் துண்டு) போட்டால் 0.7 வோல்ட் விழுங்கிக்கொள்ளும், 4.3 கிடைக்கும். காகிதத்தில் அழகு.

நடப்பில் அந்த 0.7 நிலையாக இருப்பதில்லை. போன் சும்மா இருக்கும்போது டயோடு 0.5, 0.6தான் விழுங்கும், சார்ஜரும் 5.1, 5.2 என்று தாராளமாகத் தரும். போனுக்கு 4.6 வரை போய்விடுகிறது. அது கத்தும்போது டயோடு ஒரு வோல்ட்டை விழுங்கும், சார்ஜரும் தளரும். தேவை இல்லாத நேரத்தில் அதிகம், தேவையான நேரத்தில் குறைவு. இரண்டு டயோடு போட்டால் முதல் குறை தீரும், இரண்டாவது மோசமாகும். போடத்தான் வேண்டும் என்றால் 1என்4007 போதாது, அது ஒரு ஆம்பியருக்கானது. 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 வேண்டும்.

இதையெல்லாம் சரிக்கட்டினாலும் ஒரு குறை தீராது. கரண்ட் போனால் போன் செத்துவிடும், கரண்ட் வந்ததும் தானாக எழாது. யாராவது போய்ப் பட்டனை அழுத்த வேண்டும். நடக்காமல் இருக்கத்தானே இவ்வளவும்? பேட்டரியே போடாமல் சார்ஜரை மட்டும் சொருகினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அதோடு பல போன்கள் பேட்டரி இல்லாமல் எழாது, அல்லது எழுந்து எழுந்து விழும். இந்த வழியை, படத்தையோ நம்பரையோ எடுக்க அரை மணி நேரம் ஒரு பழைய போனைத் திறக்க வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வேன். சிம்மைக் கழற்றிவிட்டால் கத்தலும் இல்லை, பெரும்பாலும் ஓடிவிடும்.

பேட்டரிக் கட்டையும் பவர் பேங்கும்

ரிமோட்டில் போடும் சாதாரணக் கட்டை மூன்றைச் சேர்த்தால் 4.5 வோல்ட், புதிதாக இருக்கும்போது அதைவிடக் கொஞ்சம் கூட. போன் கத்தினால் அவை மூச்சுவாங்கும். வேண்டாம். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் கட்டைகள் மூன்று என்றால் கதை வேறு: 3.6 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. போனுக்கென்றே அளந்து செய்த மாதிரி. 2 ஆம்பியரையும் தயங்காமல் தரும். வாரம் ஒருமுறை மாற்றிப் போட ஆள் இருந்தால் இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. மாமாவிடம் சொன்னேன். பதிலுக்கு என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

பவர் பேங்க்கோ, சார்ஜர் வழியில் உள்ள அதே டயோடு வம்பைத்தான் தரும். போதாக்குறைக்கு, சும்மா இருக்கும் பழைய போன் இழுக்கும் சொற்பக் கரண்ட்டைப் பார்த்து "எதுவும் மாட்டியிருக்கவில்லை" என்று நினைத்து அணைந்துவிடும்.

18650 செல்லும் டிபி4056 போர்டும்

சர்க்யூட் வேலை தெரிந்த பையன்களிடம் கேட்டால் நேராக இங்கேதான் வருவார்கள். லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் உருளைச் செல், 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம், அதனால்தான் அந்தப் பெயர். வோல்ட் போனுக்கு நேராகப் பொருந்துகிறது, 2 ஆம்பியர் அதற்குத் தூசு. டிபி4056 போர்டு ஒன்றை வைத்தால் சாதாரண சார்ஜரிலிருந்து ஏற்றிக்கொள்ளும். பாதுகாப்புச் சர்க்யூட்டும் சேர்ந்த போர்டாகப் பார்த்து வாங்குங்கள், விலை வித்தியாசம் டீக்காசுதான். செல்லில் 9800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் நகைத்துவிட்டு நகருங்கள். நல்ல செல்களே 3500 பக்கத்தில் நின்றுவிடும். எனக்கு ஒருமுறை கிடைத்தது அதில் பாதிகூடத் தாங்கவில்லை.

வீட்டுக்குள், நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு பழைய போனை ஓட்ட இதுதான் என் தேர்வு. ரேடியோ இருக்கும் போனாக இருந்தால் கொடைக்கானல் எஃப்எம் கேட்டுக்கொண்டே சமைக்கலாம், நாள்கணக்கில் தாங்கும்.

மோட்டார் ரூமுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்தச் சின்ன போர்டு செல் நிறைந்ததும் நிறுத்தும், கொஞ்சம் இறங்கியதும் மறுபடி ஏற்றும். செல் எப்போதும் உச்சத்திலேயே உட்கார்ந்திருக்கும். வெப்பம் பார்க்கும் முள் அந்தச் சிப்பில் இருக்கிறது, ஆனால் மலிவு போர்டுகளில் அதைத் தரையோடு இணைத்து ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத அறை, நாற்பது டிகிரி, பக்கத்தில் காய்ந்த சருகு. உப்பிய பேட்டரிக்குப் பதிலாக அதைவிடப் பெரியதை அதே அடுப்பில் வைப்பானேன்?

மருந்தடிக்கும் மெஷினின் பேட்டரி

கடைசியில் நின்றது இதுதான். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி டேங்க் ஒன்று மாமாவிடம் மூலையில் கிடந்தது. உள்ளே 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி. ஒரு டேங்க் மருந்தைக்கூட முழுதாக அடிக்க முடியாமல் திணறுவதால் ஒதுக்கியிருந்தார். பம்ப்பை ஓட்டத் தெம்பில்லாத பேட்டரிக்குப் போனை ஓட்டுவது ஓய்வுகாலம்.

12ஐ 4 ஆக்க எல்எம்2596 என்ற சின்னப் போர்டு, நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், 3 ஆம்பியர் வரை தரும். (இதே போர்டை 5 வோல்ட் சார்ஜரோடு மாட்டி 4 எடுக்கப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே வருவது வெளியே போவதைவிட ஒன்றரை வோல்ட்டாவது கூட இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும்.) போனை மாட்டுவதற்கு முன்பே மீட்டரை வைத்துத் திருகைத் திருப்பி 4.0க்குக் கொண்டு வர வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கணக்கு இப்படி: போன் சும்மா இருக்கும்போது இழுப்பதைவிட அந்தப் போர்டு தன் வயிற்றுக்கு அதிகம் எடுத்துக்கொள்கிறது. சுமை தூக்குபவன் கட்டுச்சோற்றையும் தின்கிற கதை. இரண்டும் சேர்ந்து 0.15 வாட் பக்கம் வரும். புதுப் பேட்டரியில் 96 வாட்-மணி. இது கிழடு என்பதால் பாதிக்கும் குறைவாக, 40 என்று வைத்துக்கொண்டாலும் பத்து நாளுக்குப் பக்கம். புயல் அடித்து ஒரு வாரம் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் விழித்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கனம். ஈயப் பேட்டரிக்கும் வெக்கை ஆகாது, இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். சார்ஜ் ஏறும்போது வாயு விடும், அதனால் காற்றுப் புகாத பெட்டியில் அடைக்கக் கூடாது. டேங்கோடு வந்த சார்ஜரைச் சதா மாட்டிவைக்கலாமா என்பதை மீட்டரைக் கேளுங்கள்: பச்சை விளக்கு வந்த பிறகு 13.8க்குள் நின்றால் வைக்கலாம், 14ஐத் தாண்டினால் கழற்ற வேண்டும். எங்களுடையது 13.7இல் நின்றது. கரண்ட்டே எட்டாத தோட்டம் என்றால் இதே பேட்டரிக்கு ஒரு சின்ன சோலார் பேனலும் கன்ட்ரோலரும் போதும்.

என்னைத் தூங்கவிடாத பயம் வேறு. அந்தப் போர்டு பழுதாகி 12 வோல்ட்டும் நேராகப் போனுக்குள் பாய்ந்தால்? அதற்காகப் பேட்டரியிலிருந்து வரும் வழியில் 1 ஆம்பியர் பியூஸ், போன் பக்கம் 4.7 வோல்ட், 5 வாட் ஜீனர் டயோடு. வோல்ட் எகிறினால் ஜீனர் தன்னைக் கொடுத்துப் பியூஸை எரிக்கும். ஸ்டார்ட்டர் பக்கம் 415 வோல்ட் என்பதால் அங்கே நான் கையே வைக்கவில்லை. ஊர் வயர்மேன்தான் பார்த்தார்.

எல்லாம் முடித்து மறுபடி வரப்பில் நின்றோம். மாமா அடித்தார், எடுத்தது, 1ஐ அழுத்தினார், கிணற்று மேட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான்கு நாள் கழித்து மாமாவே கூப்பிட்டார். மோட்டார் அதிர்வில் அந்தத் திருகு நகர்ந்துவிடாதா என்று கேட்டார். நல்ல கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. மீட்டரில் பார்த்தால் 4.0 அப்படியே நிற்கிறது, இருந்தாலும் மாமா பெண்ணிடம் நெயில் பாலிஷ் வாங்கித் திருகின்மேல் ஒரு சொட்டு வைத்திருக்கிறோம். ரோஸ் கலர்.